கடற்பாசித் தூள் சைவமோ?

டுசல்டோர்ஃப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் பழுப்புக் கடற்பாசித் தூள் டப்பா.

“பிள்ளை, இது சைவம்தானே? மாமா சஷ்டி விரதம்.”

இளையவள் ஏதோ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள் போலும்.

“சைவம்தான் மாமி. ஆனா இதில இருக்கிற சத்து, எங்கட ஆய்வுகூடத் தட்டில வளர்த்த புற்றுநோய்ச் செல்லைத்தான் சாகடிச்சது. மனுசருக்குச் சுகமாகுமெண்டு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது.”

“எப்ப தெரியும்?”

“கன வருசம் செல்லும்.”

“மாமா தைப்பொங்கல் வரைக்கும்தான் இருப்பார் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்.”

இளையவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கரைச்சுக் குடுத்தா, நாறுது எண்டு என்னைத் திட்டித் திட்டித்தான் குடிப்பார். குடிச்சு முடிச்சிட்டு, ‘இப்ப கொஞ்சம் சுகமடி’ எண்டுவார். பச்சைப் பொய்.”

“அப்ப குடுங்கோ மாமி.”

நான் என் பையின் வாயை மெல்ல மூடினேன். உள்ளே அதே டப்பா, முக்கால்வாசி காலி. எனக்கு நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு டொக்டர் தந்த டெர்மின் நாளே அடுத்த வியாழன்தான். ‘இப்ப கொஞ்சம் சுகம்’ என்று பொய் சொல்ல வீட்டில் ஆளும் இல்லை.