அப்பாவுக்கு ஒரு டிவி

டிவி வாங்குவதாக இருந்தால் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சத்தத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். படம் எல்லாக் கம்பெனியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சத்தம் அப்படியில்லை. சில டிவிகளில் தகர டப்பாவுக்குள் ஆள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். இதைப் போனில் சொன்னபோது என் தம்பி கணேஷ்ராம் சிரித்தான். அவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். எதைச் சொன்னாலும் முதலில் சிரிப்பான், பிறகுதான் பதில் சொல்வான்.

நீங்களும் டிவியைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள். அப்பாவின் அறைக் கதவை ஒட்டி அதை ஏன் வைத்திருந்தேன், எதிரில் உட்கார ஒரு நாற்காலிகூட இல்லையே என்றீர்கள். நியாயமான கேள்வி. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பா குமாரசுவாமியை ஊரில் எல்லோருக்கும் தெரியும். மலைக்கோயில் மடப்பள்ளியில் ஆயுசு முழுக்கச் சமைத்தவர். போன தீபாவளிக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஏதாவது வேண்டுமென்றால் இடது கையால் பித்தளை டம்ளரை எடுத்துச் சுவரில் தட்டுவார். நான் போவேன். பழைய டிவி கோடையில் இடி விழுந்தபோது பழுதாகிவிட்டதால் அவருக்குப் பொழுது போவது கஷ்டமாக இருந்தது. புதிதாக ஒன்று வாங்கிப் போட வேண்டும் என்று ஆரம்பித்தது தம்பிதான்.

எங்கே வாங்குவது என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. கம்ப்யூட்டரில் டிவி வாங்குவது எங்கள் ஊருக்குப் புதிது. தம்பி விடவில்லை. "அண்ணா, நீ கடை கடையா ஏறி எறங்க வேண்டாம். நான் இங்கேர்ந்து பட்டனைத் தட்டினா உன் வாசல்ல வந்து எறங்கிடும். வெலையும் கம்மி" என்றான். எனக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணால் பார்க்காமல் எப்படி வாங்குவது? வழியில் உடைந்தால் யார் பொறுப்பு? ரிப்பேர் என்றால் யாரிடம் போய் நிற்பது, கம்ப்யூட்டரிடமா? பஜாரில் பூபாலன் கடை இருக்கிறது. எங்கள் வீட்டு ரேடியோ, மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் அங்கே வாங்கியவை. எது கெட்டாலும் ஆளை அனுப்புவான், சமயத்தில் அவனே வருவான். உள்ளூரில் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்றே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நீங்கள் வாங்கினால் உள்ளூரிலேயே வாங்குங்கள்.

பூபாலன் கடைக்குப் போனேன். சத்தம் நன்றாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் சரி என்றேன். "சவுண்டுதான் முக்கியம்னா இந்த ஒல்லி டிவி ஆவாது சாமி. பெட்டி டிவி எடுத்துக்கினு போங்க, தெரு முனைல நின்னாக்கூட கேக்கும்" என்றான். ஒன்றைப் போட்டு முழுதாகத் திருகிக் காட்டினான். பஜாரில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. பெரியவருக்குக் காது மந்தமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

விலையெல்லாம் பேசி முடிந்த பிறகு அவன் சொன்னான்: "நானே வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போறேன் சாமி. பெரியவரப் பாத்து ரொம்ப நாளாவுது. அவரு கையால எத்தினி பொங்கல் வாங்கித் துன்னுருக்கேன்."

அங்கேதான் தீர்மானம் மாறியது. பூபாலன் வந்தால் வாசலோடு போகமாட்டான். உள்ளே போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். எப்படி இருக்கிறார் என்று பார்ப்பான். பார்த்ததைக் கடையில் போய் நாலு பேரிடம் சொல்வான். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். பின்பக்கம் ஒட்டியிருந்த மாடல் பெயரை மனதில் வைத்திருந்து அன்றைக்கே தம்பிக்குச் சொன்னேன். ஆன்லைனிலேயே வாங்கிவிடு, நீ சொன்னதுதான் சரி என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். கடையில் கேட்டுப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் வாங்குவது நல்ல பழக்கமில்லை. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. பூபாலனைப் பார்த்தால் நான் வருத்தப்பட்டதாகச் சொல்லுங்கள்.

அப்பாவை யாரும் பார்க்கக்கூடாது என்று நான் நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கடைக்குப் போவதற்கு முந்தின வாரம் டாக்டர் வந்திருந்தார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, திருவள்ளூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் தேறிவிடுவார், வீட்டிலேயே வைத்திருந்தால் ஆடி தாண்டுவது சந்தேகம் என்றார். ஆடி என்றதும் எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு நைவேத்தியம் செய்கிற முறை எங்கள் பக்கத்தில் மூன்று குடும்பங்களுக்குள் சுற்றி வரும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எங்களுக்கு. சின்ன வயதிலிருந்து எத்தனையோ கிருத்திகைக்கு அப்பாவோடு மலையேறியிருக்கிறேன். விறகு தள்ளுவேன், தண்ணீர் சுமப்பேன், வெல்லம் உடைப்பேன். கரண்டியை மட்டும் அவர் என் கையில் கொடுத்ததில்லை. போன முறை வந்தபோதே அவருக்கு முழங்கால் வலியால் மலையேற முடியாமல் நான் செய்வதாக இருந்தது. கிருத்திகை நெருங்கிய சமயத்தில் அம்மா போய்விட்டாள். தீட்டு. முறை அடுத்த குடும்பத்துக்குப் போயிற்று. அன்றைக்கு அம்மாவுக்காக அழுதேனா முறைக்காக அழுதேனா என்று எனக்கே தெரியாது. எனக்கு ஐம்பது வயது ஆகப் போகிறது. மடப்பள்ளியில் கரி பிடித்த வேட்டியோடு நிற்கிறவனுக்கு யார் பெண் கொடுக்கிறார்கள்? எனக்கென்று வரவேண்டியிருந்தது அந்த ஒரு நாள்தான். இந்த ஆடியில் மறுபடி எங்கள் முறை.

தீட்டு விஷயத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வெளியூரில் ஒருவர் இறந்தால், இறந்த நேரத்திலிருந்து நமக்குத் தீட்டு இல்லை. சேதி நம் காதில் விழுந்த நேரத்திலிருந்துதான். இது நான் கண்டுபிடித்ததல்ல. ஒரு வருஷம் காஞ்சிபுரத்திலிருந்து ஓர் ஆள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மடப்பள்ளி வாசலுக்கு வந்தார். அப்பா உலையருகில் நின்றபடியே கையைக் காட்டி, "ஒண்ணும் சொல்லப்படாது. அப்படி உக்காரும். நைவேத்தியம் ஆகட்டும்" என்றார். அந்த ஆள் உச்சிக்காலம் முடியும்வரை தூணோரம் உட்கார்ந்திருந்தார். மணியடித்து எல்லாம் முடிந்த பிறகு அப்பா வெளியே வந்து, இப்போது சொல்லும் என்றார். போயிருந்தது அப்பாவின் கூடப் பிறந்த அண்ணா. அன்று சுவாமிக்குப் போன பொங்கலில் ஒரு குறையும் இல்லை. யாரும் சொல்லவுமில்லை.

ஆகவே என் காதில் விழக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் விழுந்துவிடும். நர்ஸிடம் கையைக் காட்டி உட்காரச் சொல்ல முடியாது.

டிவி திருவிழாவுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கூரியர் ஆட்கள் இரண்டு பேர் வாசலில் இறக்கிவைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, கேட்க அவசியமும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் ஆன்லைன் சௌகரியம்தான். பழைய டிவியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த கேபிள் ஒயரை நானே செருகினேன். கம்பெனியிலிருந்து ஆள் வந்து ஓட்டிக் காட்டவா என்று போன் வந்தது. வேண்டாம் என்றேன்.

தம்பி வாங்கியது அப்பாவின் அறைக்கு. நான் கூடத்தில், அவருடைய கதவை ஒட்டி வைத்தேன். காலையில் எழுந்ததும் போட்டால் நான் படுக்கும்வரை ஓடும். பிறகு படுக்கும்போதும் நிறுத்துவதில்லை. அறைக்குள் அவர் டம்ளரைத் தட்டினாலும் எனக்குக் கேட்காது. நேரத்துக்கு நானே போய்க் கஞ்சி கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். தம்பி போன் செய்தான். "அப்பா டிவி பாக்கறாராண்ணா?" என்றான். "கேட்டுண்டிருக்கார்" என்றேன். பெங்களூர்வரைக்கும் சத்தம் வருகிறது என்று சிரித்தான்.

கே.ஜி.கண்டிகையிலிருந்து பூவம்மாள் என்ற பெண் தினமும் வந்து அப்பாவைத் துடைத்து, துணி மாற்றிவிட்டுப் போவாள். திருவிழா வருகிறது, நான் மடியாக இருக்க வேண்டும், தெப்பம் முடிந்ததும் வா என்று அவளை அனுப்பிவிட்டேன். அவள் உடனே போகவில்லை. "பெரியவர யாரு சாமி பாத்துக்குவாங்க?" என்று வாசலிலேயே நின்றாள். நான் இருக்கிறேனே என்றேன். அவள்தான் பிறகு உங்களிடம் வந்து சொன்னாள் என்று கேள்விப்பட்டேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கிருத்திகைக்கு முதல் நாள் பரணி. அதற்கு முந்தின நாள் அப்பாவுக்குக் கஞ்சி இறங்கவில்லை. கடைவாயில் வழிந்தது. மூச்சு விடும்போது தொண்டையில் சத்தம் வந்தது. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் வந்தது. ஒரு சொம்பில் தண்ணீரும் டம்ளரும் அவருடைய இடது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். நெற்றியில் விபூதி இட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன். நடக்க முடியாதவருக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று கேட்டீர்கள். அது அவருக்காக இல்லை. பழக்கதோஷத்தில் நான் உள்ளே போய்விடக்கூடாது என்பதற்காக.

திருவிழாவில் கரண்ட் போகாது என்று நினைத்திருந்தேன். மற்ற நாளில் தினமும் போகும், உங்களுக்குத் தெரியும். பரணியன்று சாயங்காலம் மலையிலிருந்து குளித்துவிட்டுப் போக வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் நுழைந்த சமயம் டிவி பட்டென்று நின்றது. அப்போது தட்டுகிற சத்தம் கேட்டது. விட்டு விட்டு, பலமில்லாமல். வழக்கமாகச் சுவரிலிருந்து வரும். அன்றைக்குக் கதவின் அடியிலிருந்து வந்தது. கட்டிலிலிருந்து விழுந்து, ஒரு கையால் அவ்வளவு தூரம் நகர்ந்து வந்திருக்கிறார்.

எனக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. அப்பா இருக்கிறார். இருக்கும்வரை தீட்டு ஏது? தண்ணீர் கேட்டிருக்கலாம், சொம்பு சாய்ந்திருக்கும். தாழ்ப்பாளில் கையை வைத்தேன். திறந்தால் தூக்க வேண்டும், துடைக்க வேண்டும், அவர் போகிற நேரமாக இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். கையை எடுத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். தெருவில் ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்த காவடிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு குழந்தைக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கரண்ட் வந்ததும் டிவி தானாகவே பேச ஆரம்பித்தது. எல்லா டிவியிலும் அந்த வசதி கிடையாது. உள்ளே போய்க் குளித்தேன்.

கிருத்திகையன்று விடியற்காலையில் மறுபடி கரண்ட் போயிற்று. கிணற்றடியிலிருந்து ஈரத் துண்டோடு வந்துகொண்டிருந்தேன். டிவி நின்றதும் அந்தத் துண்டாலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். தட்டுகிற சத்தம் கேட்டுவிடுமோ என்று ஓடவில்லை. கேட்காமல் இருந்துவிடுமோ என்று ஓடினேன்.

அன்றைக்கு நைவேத்தியம் நன்றாக அமைந்தது. பொங்கல் குழைந்து, நெய் மேலே நின்றது. பெரிய குருக்கள் சந்நிதியிலிருந்து என்னிடம் வந்து, "உங்கப்பா கை அப்படியே வந்திருக்குடா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவிடம் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

தெப்பம் முடியும்வரை மலையிலேயே இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்தேன். தெரு திரும்பும்போதே டிவி கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்கள். டிவியை நிறுத்தினேன். அப்பா என்று கூப்பிட்டேன். தாழ்ப்பாளை எடுத்தேன், கதவு முழுதாகத் திறக்கவில்லை, அவர்மேல் இடித்தது. டம்ளர் கையிலேயே இருந்தது. கதவின் கீழ்ப்பலகையில் அவர் தட்டித் தட்டிக் குழி விழுந்திருந்ததைப் பூவம்மாள் உங்களிடம் காட்டியிருப்பாள். காரியங்களைத் தம்பி செய்தான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை. இந்தத் தடவை அவன் சிரிக்கவுமில்லை.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரி. கொலை என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கும் நான் மறுப்புச் சொல்லவில்லை. என்னால்தான் போனார், வேண்டுமென்றேதான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். பரணியன்று ராத்திரியே இறந்துவிட்டார் என்று டாக்டர் சொன்னதை வைத்து அந்த நாளைப் போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை என்று போடுங்கள். நான் கதவைத் திறந்தது அன்றைக்குத்தான். பரணி என்று இருந்தால் சுவாமிக்குத் தீட்டுக்காரன் கையால் சமைத்துப் போட்டதாக ஆகிவிடும், அந்த மாதிரிப் பாவத்தை நான் செய்யவில்லை.