கடைசி நாலு வரி

– குழாய மூடுங்களேன். நான் வாசிக்கிறது காதுல விழுதா இல்லையா?

– விழுது, விழுது. ரெண்டு காதும் உனக்குத்தான். கைதான் பாத்திரத்துக்கு.

– அப்போ கடைசியா என்ன வாசிச்சேன், சொல்லுங்க பார்ப்போம்.

– ம்... தண்ணி. ஏதோ தண்ணி.

– ஏதோ தண்ணியா! விடிஞ்சா அத்தனை பேர் முன்னாடி நிக்கணும். உங்களுக்கு ஏதோ தண்ணி!

– சரி சரி, கோவிச்சுக்காத புலவரே. மூடிட்டேன். முதல்ல இருந்து வாசி.

– கிண்டல் பண்ணாம கேக்கணும்.

– அரசனே கைகட்டிக் கேக்குற மாதிரி கேக்குறேன். பரிசு மட்டும் கிடையாது. மிச்சம் இருக்குறது கழுவாத குக்கர்தான்.

– ஐயோ, உங்கள... கேளுங்க. 'துணி வெளுக்கும் கூடத்தின் பின்கதவைத் திறந்தால் எனக்கென்று ஒரு தண்ணீர் இருக்கிறது. அதற்கு என் மொழி தெரியாது. எனக்கு அதன் பேர் தெரியாது. நாங்கள் கேட்டுக்கொள்ளவும் இல்லை.'

– நல்லாத்தான் இருக்கு. நெசமா. எப்பவும் நம்ம ஏரியத்தான எழுதுவ? இது என்ன புதுசா...

– அதான் விஷயம். அந்த நூலகத்துல எழுதுறவங்க கூட்டத்துக்குப் போறேன்ல, அத நடத்துற இந்த ஊரு டீச்சரக்கா ஒருநாள் கேட்டாங்க. 'விட்டுட்டு வந்த ஏரிக்கே எத்தனை வருஷம் ஒப்பாரி வைப்ப? நீ நிக்கிற இடத்துல தண்ணியே இல்லையா?'ன்னு. சுருக்குன்னு இருந்துச்சு.

– இருக்காதா பின்ன. நம்ம ஏரி அவங்களுக்கு என்ன தெரியும்?

– தெரியாதுதான். ஆனா மறுநாள் வேலையில டீ குடிக்கப் பின்கதவத் திறந்தேன். அந்தச் சதுப்பு அங்கயேதான் கிடக்கு. நாணலும் சேறுமா. வந்ததுல இருந்து அதுக்கு முதுகக் காட்டியே நின்னிருக்கேன். அன்னைக்குத்தான் திரும்பி நின்னேன்.

– திரும்பி நின்ன நேரம் பாரு... அவன் மண்ணு கொட்ட ஆரம்பிச்சுட்டான்.

– அதச் சொல்லுங்க! நமக்குன்னு ஒரு தண்ணி அமையும்போதுதான் எல்லாருக்கும் வீடு கட்டத் தோணும். அங்கயும் அப்படி, இங்கயும் அப்படி.

– அதுக்காகக் கூட்டம் போட்டா நிறுத்திருவாங்களா? நம்ம ஊர்லயும்தான் போட்டாங்க. பந்தல்காரனுக்கு மட்டும்தான் லாபம்.

– இங்க பந்தல் இல்ல. கரையிலயே நின்னு பேசப்போறோம். நகர்மன்றத்துல இருந்து ஆளுங்க வர்றாங்க. முதல்ல நான் தமிழ்ல வாசிக்கணும், அப்புறம் டீச்சரக்கா அவங்க பாஷையில மாத்தினத வாசிப்பாங்க. நீங்களும் வர்றீங்கதானே?

– நாளைக்கா... எனக்கு ஒரு வேலை... பார்ப்போம்.

– ஞாயித்துக்கிழமை ரோட்டு வேலை ஏது?

– சும்மா ஒரு... மேஸ்திரி வரச் சொல்லலாம்னு சொன்னான். நீ மேல வாசி.

– ம். வாசிக்கிறேன். 'மண் வருகிறது. வந்ததும் கொட்டுவதில்லை. கதவை இரண்டு முறை தட்டிவிட்டு...'

– என்னது?

– 'கதவை இரண்டு முறை தட்டிவிட்டுக் கொட்டுகிறது, விருந்தாளியைப் போல.' ஏங்க, மறுபடி எதுக்குக் குழாயத் திறந்தீங்க?

– சோப்பு போகல.

– அந்தத் தட்டு வெள்ளை வெளேர்னு ஆயிருச்சு. இன்னும் தேச்சா ஓட்டை விழும்.

– அது... லாரிக்காரன எதுக்கு உள்ள இழுக்குற? பாவம், கூலிக்கு ஓட்டுறவன். அவனா வீடு கட்டுறான்? எய்தவன் இருக்க அம்ப நோகலாமா?

– ஓ. இப்ப பாவமா இருக்கா? நம்ம ஏரியில கொட்ட வந்தவன யாரு கல்லால அடிச்சா?

– அது... அப்போ இளரத்தம்.

– கண்ணாடி உடைஞ்சு நெத்தியில ரத்தம் வழிஞ்சுச்சு அந்த ஆளுக்கு. நம்ம வாசல்ல வந்து தண்ணி கேட்டாரு. 'குடுக்காத'ன்னீங்க. நானும் கதவச் சாத்திட்டேன்.

– ஞாபகம் இருக்கு.

– ஏரி போச்சு. அடுத்த மழைக்குத் தண்ணி நம்ம கட்டிலுக்கு வந்துச்சு. மூட்டையக் கட்டிட்டு வந்தோம். இதெல்லாம் எத்தனையோ தடவை எழுதிட்டேன். அந்த ஆளு தண்ணி கேட்டத மட்டும் ஒரு தடவ கூட எழுதல.

– எனக்கு இப்பல்லாம் அவன் மூஞ்சிதான் அடிக்கடி வருது. ஏரிகூட வர்றதில்ல. அவன்தான்.

– வரும். ஏன் வராது?

– ஏன் வராதுன்னா... என்ன அர்த்தத்துல சொல்ற?

– நான் டீயோட பின்கதவுகிட்ட நிக்கிறேன். லாரிங்க வரிசையா வருது. பின்னாடி பார்க்க உள்ளயே டிவி மாதிரி இருக்கு, பீப் பீப்னு ஊரக் கூட்டுது. அதுக்கும் மேல ஒரே ஒரு லாரியில மட்டும், கண்ணாடி வழியா ஒரு கை வெளிய வந்து கதவுல பொத் பொத்னு ரெண்டு தட்டு. இந்த ஊர்ல எவன் அப்படித் தட்டுவான்? நம்ம ஊர்ல கிளீனர் பின்னால நின்னு தட்டுவாரு, வரலாம் வரலாம்னு. கிளீனரே இல்லாத ஊர்ல ஒருத்தர் அவரே தட்டிக்கிட்டு அவரே பின்னால போறாரு. கையப் பார்த்தேன். சட்டை நுனியப் பார்த்தேன். நான் தேச்ச சட்டை எனக்குத் தெரியாதா?

– எப்போல இருந்து... தெரியும்?

– நீங்க ரோட்டு வேலைன்னு சொன்ன முதல் வாரத்துல இருந்து.

– அடிப்பாவி. ஒரு வார்த்த கேக்கலியே நீ!

– நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொல்லல. வீட்டுக்கு வந்ததும் ஷூவ நீங்களே கழுவ ஆரம்பிச்சீங்க. இத்தனை வருஷத்துல ஷூ கழுவுற ஆளா நீங்க?

– பழைய கம்பெனி மூடினப்ப எங்கயும் ஆள் எடுக்கல. கிடைச்சது இது ஒண்ணுதான். வேலை இல்லேன்னா இங்க தங்குற அனுமதியும் இல்ல, உனக்குத் தெரியும். எந்த இடம்னு முதல் நாள் போய் இறங்கினப்பதான் தெரிஞ்சுது. உன் பின்கதவு எதிர்லயே தெரியுது. திட்டு. திட்டிரு.

– திட்டுறதா இருந்தா அன்னைக்கே வந்து லாரிய மறிச்சிருப்பேன். அழுகைதான் வந்துச்சு. அப்புறம் உக்காந்து எழுதினேன். லாரிய எழுதினேன். ஓட்டுறவர எழுதல. கேட்டீங்கதானே... 'மண் வருகிறது'ன்னுதான் இருக்கு. யாரு கொண்டு வந்தான்னு இல்ல.

– அந்த ரெண்டு தட்டு இருக்கே.

– அது உங்களுக்கு மட்டும் கேக்குறதுக்கு.

– ...கேட்டுச்சு.

– மூக்க உறிஞ்சாதீங்க. இந்தாங்க, துண்டு.

– பழக்கதோஷம்னு நினைச்சியா, அது?

– வேற என்ன?

– முதல் ரெண்டு நாள் பழக்கம்தான். தட்டினேன். பார்த்தா சேத்துல உக்காந்திருந்த பறவையெல்லாம் குபீர்னு எந்திரிச்சுப் போகுது. அந்தப் பீப் சத்தம் அதுங்களுக்குப் பழகிப்போச்சு, அசையாது. தட்டினா மட்டும்தான் எந்திரிக்குது. அதுல இருந்து தட்டிட்டுத்தான் கொட்டுறது. எல்லாம் போகுதான்னு பார்த்துட்டுத்தான். மேஸ்திரிகூட வைவான், என்னடா பூஜை பண்றன்னு.

– ஏங்க... இத ஏங்க எங்கிட்ட சொல்லல?

– என்னன்னு சொல்றது? கொட்டுறது நான்தான், ஆனா தட்டிட்டுக் கொட்டுறேன்னா?

– அப்போ விருந்தாளின்னு எழுதினது தப்பு. மாத்தணும். பேனா எங்க... இருங்க, இது இன்னும் நல்லா வரும்.

– எழுது. ஆனா ஒண்ணு கேக்குறேன். கடைசி நாலு வரி இருக்குல்ல... அத எடுத்துரு.

– கடைசி நாலு வரியா? நான்தான் இன்னும் வாசிக்கவே இல்லியே!

– காலையில நீ குளிக்கப் போனப்ப மேசையில கிடந்துச்சு. பார்த்தேன்.

– பார்த்துட்டு எடுக்கச் சொல்றீங்களா? அதான் கவிதையே! 'நாணலுக்குள் ஒரு நீர்க்கோழி யாரையும் எதையும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறது. அதன் வயிற்றுச் சூட்டில் வளர்கின்றன, இந்த மண்ணைச் சொந்த மண் என்று சொல்லப்போகிறவை.' இத எடுத்தா மிச்சம் வெறும் புலம்பல்.

– நீளமா இருக்கு. வெயில்ல நிப்பாங்க எல்லாரும்.

– நாலு வரிக்கா வெயில் தாங்காது?

– முட்டை, குஞ்சுன்னா... சின்னப் பிள்ளைங்க பாட்டு மாதிரி இருக்கு. சிரிப்பாங்க.

– டீச்சரக்கா அழுதாங்க, இத வாசிச்சுட்டு. என்னங்க உங்களுக்கு? லாரிய எடுன்னு சொன்னா நியாயம். கோழி உங்கள என்ன பண்ணுச்சு?

– ஒண்ணும் பண்ணல.

– நீங்களே யோசிங்க. நாம இங்க ஒவ்வொரு தடவையும் வரிசையில நின்னு, இருக்கலாமான்னு கேட்டுக் கேட்டு இருக்கோம். அதுங்க கண்ணத் திறக்கும்போதே இங்கதான். அதுங்கள யாரு என்ன கேக்க முடியும்? அந்தக் கூட்டுக்கு எதிர்லதான் கூட்டமே போட்டிருக்கோம், நான்தான் இடம் சொன்னேன். வாசிச்சு முடிச்சதும் கைய நீட்டி 'அதோ பாருங்க'ன்னு காட்டப்போறேன். நகர்மன்றத்து ஆளுங்க அத நேர்ல பார்த்துட்டா, மண்ணு கொட்டச் சொல்ல மனசு வருமா?

– நீ எப்போ பார்த்த, கடைசியா?

– வியாழக்கிழமை. நேத்தும் இன்னைக்கும் எனக்கு லீவுல்ல. இந்நேரம் பொரிச்சிருந்தாலும் பொரிச்சிருக்கும்... ஏங்க, ஏன் கீழ உக்காந்துட்டீங்க? தலை சுத்துதா?

– நாளைக்கு அந்தப் பக்கம் கைய நீட்டாதம்மா.

– ஏன்?

– நேத்து எங்கள நாணல் பக்கமாத் திருப்பி விட்டாங்க. முன்னால நின்னது என் லாரி. பின்னாடி வரிசையா ஹாரன் அடிக்கிறானுங்க, மேஸ்திரி கத்துறான்... தட்டினேன்மா. கை வீங்குற வரைக்கும் தட்டினேன். தாய்க்கோழி எந்திரிச்சுப் போயிருச்சு. முட்டை எப்படிம்மா எந்திரிக்கும்?