மருதை தோற்ற ஞாயிற்றுக்கிழமை

மன்னார்புரம் பக்கம் வந்தால் பஸீலா கடையில் ஒரு லெமன் டீ குடித்துப் பாருங்கள் சார். புதினா போட்டுத் தருவார். வாக்குமூலத்தில் இதெல்லாம் எதற்கு என்று நினைப்பீர்கள். அந்த டீக்காகத்தான் நான் முதலில் அங்கே போனேன் என்பதற்காக எழுதுகிறேன்.

என் பெயர் அமிர்தராஜ். வயது ஐம்பத்திரண்டு. புத்தூரில் டி.வி. மெக்கானிக். இப்போதெல்லாம் டி.வி. கெட்டால் யாரும் ரிப்பேர் பார்ப்பதில்லை, புதிதாக வாங்கிவிடுகிறார்கள். அதனால் எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

போன ஆடி மாதம் பஸீலா ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியை எங்கிருந்தோ வாங்கிக் கடையில் நிறுத்தியிருந்தார். பீரோ உயரம், நடுவில் பழைய பிக்சர் டியூப், கீழே இரண்டு பேர் ஆட ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும். ஓடவில்லை. "அண்ணே, உங்களை விட்டா இத பாக்க ஆளே இல்லண்ணே" என்றார். நான்கே நாளில் ஓடவைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இதே சண்டை ஆட்டத்தை ஆடியிருக்கிறேன். அன்றைக்கு உலக அதிசயமாகத் தெரிந்தது. இப்போது பார்த்தால் பாவமாக இருக்கிறது. கராத்தே உடுப்பில் இரண்டு பேர். ஒருவனுக்கு வெள்ளை, மற்றவனுக்குச் சிவப்பு. பட்டனை அமுக்கினால், தாலுகா ஆபீசில் மனு கொடுத்த மாதிரி, யோசித்து முடித்த பிறகுதான் காலைத் தூக்குவான். உதை வாங்கியவன் முகத்தில் வலியே தெரியாது; பலகை மாதிரி சாய்வான். பின்னால் மீசை வைத்த நடுவர் ஒருவர் நிற்பார். கையைத் தூக்குவதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை.

நான் சும்மா பொழுதுபோக்காகத்தான் ஆடினேன். தினமும் மூன்று மணி நேரம். எந்த உதை எவ்வளவு தூரம் எட்டும் என்று ஒரு நோட்டில் படம் போட்டு வைத்திருந்தேன். அது என் சுபாவம். பெரிதாக நினைக்க வேண்டாம்.

மருதை அண்ணன் உப்பிலியபுரத்துக்காரர், வெங்காய வியாபாரி. மகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதோறும் மன்னார்புரம் வருவார். மதியச் சாப்பாடு முடிந்ததும் கடைக்கு வந்து என்னோடு ஆட உட்காருவார். அவர் ஆடுவதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு கையில் பஜ்ஜி. இன்னொரு கையின் உள்ளங்கையை மூன்று பட்டன்மேலும் மொத்தமாக வைத்து மாவு பிசைவார். திரையைக்கூடப் பார்க்க மாட்டார். பேத்திக்குக் காது குத்தப்போகும் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். சிவப்புச் சட்டைக்காரன் என்னுடைய வெள்ளைச் சட்டைக்காரனை உதைத்துக் கீழே தள்ளிவிடுவான்.

"எப்படிண்ணே அடிச்சீங்க?" என்று ஒருமுறை மரியாதையாகவே கேட்டேன்.

"எனக்கென்னப்பா தெரியும். நான் கைய வச்சேன், அவன் ஒதைச்சுட்டான்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். பதினாறு ஞாயிறு அப்படிச் சிரித்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள், அடைமழையில் டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தது. அண்ணன் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சின்ன வயசுலேருந்து வலிப்பு இருக்கு அமிர்து. மாத்திரையில நிக்குது. இப்படி வெட்டுற லைட்டு மட்டும் ஆவாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. மகளுக்கே தெரியாது, பயந்துக்கும். மனசுல வச்சுக்க" என்றார். வைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை பெட்டியின் பின்கதவைத் திறந்து வேலை பார்த்தேன். மறுநாள் திரை படபடவென்று வெட்டியது. "என்னண்ணே, கண்ணு கூசுது" என்றார் பஸீலா. "பழைய டியூப்மா. சூடானா சரியாயிடும்" என்றேன். அண்ணன் வழக்கமாக உட்காரும் கை வைத்த நாற்காலியை வாசலுக்குத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில், கண் திரைக்கு நேராக வரும்படி, உயரமான ஸ்டூல் ஒன்றைப் போட்டேன். கீழே கடப்பைக்கல் தரை.

அண்ணன் வந்ததும் திரையைப் பார்த்துத் தயங்கினார். "இன்னைக்கு வேணாம்பா."

"ஒரே ஒரு ரவுண்டுண்ணே. நான் ஜெயிச்சிடுவேன்னு பயமா இருந்தா விட்டுடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அரை நிமிடம் போயிருக்கும். காது குத்தும் கதை பாதியில் நின்றது. கை பட்டனிலிருந்து நழுவியது. உடம்பு விறைத்து ஸ்டூலோடு சாய்ந்தார். தலை கல்லில் பட்ட சத்தம் அடுப்படிவரை கேட்டது என்று பஸீலா சொன்னார். அவர் ஓடிவந்து தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, பிடிங்கண்ணே, ஆட்டோ கூப்பிடுங்கண்ணே" என்று அழுதார்.

"இதோ வரேம்மா" என்றேன். திரையில் இன்னும் பதினொரு செகண்டு மிச்சம் இருந்தது. சிவப்புச் சட்டைக்காரன் அசையாமல் நின்றான். நான் அவசரப்படவில்லை. நோட்டில் எழுதியிருந்த தூரத்துக்கு நகர்ந்து, ஒரே உதை. நடுவர் என் பக்கம் கையைத் தூக்கினார். அதற்குப் பிறகுதான் ஆட்டோ பிடிக்கப் போனேன்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் இறந்துவிட்டார். நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நானும் பேசாமல்தான் இருந்திருப்பேன்.

ஆனால் நேற்று பஸீலா கடை வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருக்கிறார்கள். மருதை அண்ணன் படம், கீழே கொட்டை எழுத்தில் "கடைசிவரை தோல்வியே காணாத ஆட்டக்காரர்". போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படிக்கிறார்கள். "பாவம், மருதை அண்ணன யாராலயும் ஜெயிக்க முடியலல்ல" என்று பஸீலா என்னிடமே சொல்கிறார்.

நான் செய்தது கொலை. திட்டம் போட்டுச் செய்தது. அதற்கு எந்தப் பிரிவு போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த பேனரை மட்டும் இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள் சார். அதில் இருப்பது பொய்.