தோளில் கிடந்த துண்டு

அம்மா: அங்கேயே நில்லுங்க. கதவைத் தாண்ட வேணாம்.

அப்பா: நான் எங்க தாண்டினேன்... எட்டித்தானே பார்க்கிறேன்.

அம்மா: எட்டிப் பார்க்கிறவரோட கால் ஏன் உள்ள இருக்கு?

அப்பா: சரி, எடுத்துட்டேன். நம்ம குட்டி முதலாளி முழிச்சிருக்காரா?

அம்மா: தூங்குறார். மூச்சு சீரா வருது. இப்பத்தான் சிஸ்டர் விரல்ல அந்த க்ளிப்பை மாட்டிப் பார்த்துட்டுப் போனாங்க.

அப்பா: உதடு?

அம்மா: வீக்கம் வத்திடுச்சு.

அப்பா: கன்னத்துல தடிச்சுக்கிட்டு வந்ததே, அது?

அம்மா: அதுவும் போச்சு. ஒரு கோடு மிச்சமில்ல. வேற பிள்ளையைக் கொண்டாந்து படுக்க வச்சுட்டாங்களோனு நானே போர்வையை விலக்கிப் பார்த்தேன்.

அப்பா: தொடையில ஒரே ஒரு ஊசி... கடை ஷட்டர் பாதியில மாட்டிக்கிட்டா ஒரு தட்டு தட்டுவோம் பாரு, சரக்குனு மேல போகும். அந்த மாதிரி மூச்சு திறந்துச்சு. நான் பார்த்துக்கிட்டே நின்னேன்.

அம்மா: ஆனா இன்னும் சில மணி நேரம் இங்கேயே வச்சிருக்கணுமாம். அடங்கினது மறுபடியும் கிளம்பினாலும் கிளம்புமாம்.

அப்பா: அதுக்கும் என்னை வாசல்ல நிறுத்தினதுக்கும் என்ன சம்பந்தம்? டாக்டரம்மா என்னைப் போகச் சொல்லிட்டு உன்கிட்ட மட்டும் அவ்வளவு நேரம் பேசினாங்க. என் துண்டையும் வாங்கி மோந்து பார்த்து, பிளாஸ்டிக் பையில போட்டு முடிஞ்சு வச்சுட்டாங்க. துண்டு என்ன பாவம் பண்ணுச்சு?

அம்மா: சொல்றேன். முதல்ல நான் கேட்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. இன்னைக்கு அதிசயமா காலையிலயே வேலை முடிஞ்சு வந்தீங்க. அப்புறம்?

அப்பா: கோர்ட்டா இது?

அம்மா: சொல்லுங்க மாஸ்டர்.

அப்பா: வந்தேன். சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன். உனக்கே தெரியும், நான் எவ்வளவு தேய்ப்பேன்னு.

அம்மா: தெரியும். கழுவின கையை எதுல துடைச்சீங்க?

அப்பா: துண்டுல.

அம்மா: எந்தத் துண்டு?

அப்பா: தோள்ல கிடந்ததுதான். நீ சிவப்பு ஓரம் வச்சுத் தைச்சுக் கொடுத்தியே.

அம்மா: அவன் வாயில கஞ்சி வழிஞ்சதே...

அப்பா: அதையும் அதுலதான் துடைச்சேன். ஏன், அழுக்கா இருந்துச்சா? தினமும் அலசுறேனே.

அம்மா: எங்க அலசுவீங்க?

அப்பா: பேக்கரி பின்கட்டுல... பால் பாத்திரம் கழுவுற தொட்டியில.

அம்மா: பால் பவுடர் மூட்டையைப் பிரிக்கிறப்ப மூக்குக்கு எதைக் கட்டுவீங்க?

அப்பா: அந்தத் துண்டைத்தான். க்ரீம் அடிச்ச கையைத் துடைக்கிறதும் அதுலதான். எல்லா மாஸ்டரும் அப்படித்தான். துண்டு இல்லாம எவன் கேக் போடுவான்? நீ எங்க சுத்தி எங்க வர்ற?

அம்மா: பாலுக்குத்தான் வர்றேன். அவன் உடம்புக்குப் பால் ஆகாதாம்.

அப்பா: எந்தப் பாலு?

அம்மா: மாட்டுப்பால், ஆட்டுப்பால், பவுடர், வெண்ணெய், க்ரீம்... எதுவும். ஒவ்வாமை. சந்தேகமே இல்லாம இருக்க ரத்தத்துலயும் தோல்லயும் பரிசோதனை பண்ணிடுவாங்களாம். ஆனா துண்டை மோந்ததுமே டாக்டரம்மா முகம் மாறிடுச்சு.

அப்பா: குழந்தைக்கு ஆகாததுனு உலகத்துல என்னென்னவோ இருக்கும். பாலா?

அம்மா: நானும் அப்படித்தான் கேட்டேன். ஜீரணம் ஆகலையா டாக்டர்னு. அது வேற, இது வேறனாங்க. அதுல வயிறு உப்பும், கடுக்கும், அதோட போகும். இதுல உடம்போட காவல் பாலைப் பார்த்துத் திருடன்னு நினைச்சு அடிக்குதாம்.

அப்பா: எங்க வாட்ச்மேன் பெரியவர், ஓனரோட மாப்பிள்ளையை மாவு ரூம்ல வச்சுப் பூட்டின கதைதான்.

அம்மா: சிரிக்காதீங்க. அதேதான்.

அப்பா: சிரிக்கல... பயத்துலதான் பேசிக்கிட்டே இருக்கேன்.

அம்மா: முழங்கை மடிப்புல சொரசொரனு ஒரு திட்டு வந்து வந்து போகும்ல? குழந்தைத் தோல்தானேனு எண்ணெய் தடவினோம். மலத்துல ஒருநாள் சளியோட ரத்தக் கோடு ஒண்ணு பார்த்தேன். பல் முளைக்குது, சூடுனு விட்டுட்டேன். நான் காய்ச்சல்ல கிடந்தப்ப பால் டப்பா வாங்கிக் கரைச்சுக் கொடுத்தீங்களே...

அப்பா: குடிச்சதும் வாந்தி எடுத்து, உடம்பெல்லாம் தடிச்சான். டப்பா கெட்டுப்போச்சுனு நான் கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போனேன்.

அம்மா: டப்பா நல்ல டப்பாதான்.

அப்பா: பாவம் அந்த மனுஷன். மறுபேச்சு பேசாம காசைத் திருப்பிக் கொடுத்தார்.

அம்மா: மாடி வீட்டு அக்கா ஆட்டுப்பால் கொடுத்துப் பாருனாங்க. நல்லவேளை கொடுக்கல. ரெண்டும் ஒரே சாதிப் பால்தானாம், அதுக்கும் இதே கதிதானாம்.

அப்பா: பையன் உடம்பாலயே எத்தனை தரம் சொல்லியிருக்கான். நமக்குத்தான் கேட்கல.

அம்மா: எல்லாம் துண்டு துண்டா கிடந்துச்சுங்க. கையைத் தனியா, காலரைத் தனியா பார்த்தா என்ன சட்டைனு தெரியுமா? டாக்டரம்மா ஒரே இழுப்புல எல்லாத்தையும் சேர்த்துத் தைச்சுட்டாங்க.

அப்பா: நான் ஜன்னல் தூசினு நினைச்சேன். தொட்டிலை ஏன் ஜன்னல்கிட்ட மாத்தினேனு உன்னை எத்தனை தரம் திட்டியிருக்கேன்.

அம்மா: குழந்தைக்குக் காத்து வேணாமா? அங்கதான் காத்து வரும்.

அப்பா: சரி, தூசி இல்ல. ஆனா துண்டுல என்ன இருந்திருக்கும்? அலசின துண்டு. ஒரு சிட்டிகை இருக்குமா?

அம்மா: சிட்டிகைகூட வேணாமாம்.

அப்பா: கண்ணுக்குத் தெரியணும்ல.

அம்மா: நீங்க மாவை நிறுத்துப் போடுறவர். அந்தத் துண்டுல ஒட்டியிருந்த பாலை மட்டும் பிரிச்சு உங்க தராசுல வச்சா?

அப்பா: முள் அசையாது.

அம்மா: இவன்கிட்ட அசைஞ்சிருக்கு.

அப்பா: இத்தனூண்டு உடம்புலயா?

அம்மா: இன்னும் ஒரு வார்த்தை பேச வரல. பல்லு நாலுதான். நமக்கு வாசனைகூடத் தெரியாத ஒண்ணை இந்த உடம்பு தெரிஞ்சு வச்சிருக்கு. எனக்கு இவனைப் பார்க்க பயமா இருக்கு... பயம்னு சொல்லக்கூடாது. கோயில் வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு.

அப்பா: அப்போ... என்னைக் கண்டா அழுவானே. தூக்கினா நெளிவான், முகத்தைத் திருப்பிக்குவான், கண்ணைக் கசக்குவான்...

அம்மா: அதைத்தான் டாக்டரம்மாகிட்ட சொன்னேன். அப்பாவைக் கண்டா ஆகாது டாக்டர், திங்கக்கிழமை மட்டும் ஒட்டிக்குவான்னு. எழுதிக்கிட்டே இருந்தவங்க நிமிர்ந்தாங்க. திங்கக்கிழமை மட்டும் இவர் வேற ஆளானு கேட்டாங்க.

அப்பா: திங்கக்கிழமை பேக்கரி லீவு.

அம்மா: தோள்ல துண்டு இருக்காது.

அப்பா: நான் ஞாயித்துக்கிழமையே ஏங்க ஆரம்பிச்சுடுவேன். நாளைக்கு வருவான், நாளைக்கு வருவான்னு. செவ்வாய்க்கிழமை என்ன தப்பு செஞ்சேன்னு யோசிப்பேன். குரல் பெருசா இருக்கோ, கை முரடோ... முதலாளிக்கு என்னைப் பிடிக்கல போலனு...

அம்மா: உங்களைப் பிடிக்காம இல்லைங்க. துண்டுதான் ஆகல.

அப்பா: துண்டுதானா.

அம்மா: துண்டுதான்.

நர்ஸ்: யாருங்க வாசலை அடைச்சுக்கிட்டு? உள்ள போங்க, இல்ல வெளிய போங்க. ஏன் சார் அழுறீங்க? பையன் நல்லா இருக்கான்.

அம்மா: அவன் அப்பா, சிஸ்டர். பேக்கரில கேக் மாஸ்டர்.

நர்ஸ்: ஓ, அந்தத் துண்டு சார். இந்தச் சட்டையோட கிட்ட வராதீங்க. வராந்தா கடைசியில குளியலறை. தலையோட குளிங்க. அலமாரியில வார்டு சட்டை ஒண்ணு தரேன், தொளதொளனு இருக்கும், அழகு பார்க்க வேணாம். வாயை நல்லா கொப்பளிங்க. காலையில டீ குடிச்சிருப்பீங்க.

அப்பா: குடிச்சா என்ன சிஸ்டர்?

நர்ஸ்: பால் டீ குடிச்ச வாயால முத்தம் கொடுத்தாலும் சில பிள்ளைகளுக்குக் கன்னத்துல எழும்பும். இந்த மீசை வேற... இதுல எவ்வளவு பவுடர் குடியிருக்கோ.

அப்பா: மீசையிலயா?

நர்ஸ்: விளையாட்டுக்குச் சொன்னேன் சார். சோப்பு போட்டாலே போதும். போங்க.

அம்மா: ஓடுறதைப் பாருங்க. பந்தியில இடம் பிடிக்கிற மாதிரி.

நர்ஸ்: நீங்களும் பால் டீயை நிறுத்தணும்மா, டாக்டர் சொன்னாங்கள்ல? தாய்ப்பாலை நிறுத்த வேணாம். நீங்க சாப்பிடுற பால் மட்டும்தான், அவங்க பார்த்துச் சொல்ற வரைக்கும்.

அம்மா: சொன்னாங்க. பிஸ்கட், ரொட்டி எது வாங்கினாலும் உறையில என்ன போட்டிருக்குனு படிச்சுட்டுத்தான் கொடுக்கணும்னாங்க.

நர்ஸ்: ஊசி ஒண்ணு எழுதித் தருவாங்க, அது எப்பவும் கூடவே இருக்கணும். உதடு வீங்கி, மூச்சு இழுத்து, பிள்ளை துவண்டா யோசிக்காதீங்க. ஊசியைப் போட்டு நேரா இங்க வாங்க.

அம்மா: இது மாறவே மாறாதா சிஸ்டர்?

நர்ஸ்: நிறைய பிள்ளைகளுக்கு வளர வளர மாறிடும். ஆனா மாறிடுச்சானு வீட்டுல ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிற வேலை வேணாம். இங்க, டாக்டர் முன்னாடிதான்... ஆமா, உங்க வீட்டுக்காரர் ஏன் அப்படி ஒடுங்கி நின்னார்? காலையில பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாரே, அப்பவும் ஏதோ அடுத்த வீட்டுப் பிள்ளை மாதிரி கையை நீட்டிப் பிடிச்சிருந்தார்.

அம்மா: தூக்கினா அழுவான்னு பயம் சிஸ்டர். பழக்கமே விட்டுப்போச்சு. இப்பல்லாம் இவன் தூங்கினப்புறம்தான் வீட்டுக்கே வருவார். சாயங்கால ஆர்டர் நிறைய இருக்கும்பார்.

நர்ஸ்: நிஜமாவே அவ்வளவு ஆர்டரா?

அம்மா: கேக் கடைதானே... இருக்கும்.

நர்ஸ்: பார்த்தீங்களா, முழிச்சுட்டான். நெத்தி சுருக்கத்தைப் பாருங்க, யாரை வேலையை விட்டுத் தூக்கலாம்னு யோசிக்கிறான்.

அம்மா: அதான் முதலாளினு கூப்பிடுறார்... குளிக்கப் போனவரை இவ்வளவு நேரமா காணோமே... சிஸ்டர், வாசல்ல யாரோ வந்திருக்காங்க பாருங்க. யார் வேணும்ங்க உங்களுக்கு?

அப்பா: ஏய், நான்தான்.

அம்மா: ஐயோ... மீசை எங்க?

அப்பா: எதிர்ல சலூன் இருக்கு. அவர் ரெண்டு தரம் கேட்டார், யோசிச்சுச் சொல்லுங்கனு. எடுனு சொல்லிட்டு மறுபடியும் வந்து குளிச்சேன்.

நர்ஸ்: சார், நான் விளையாட்டுக்குத்தான்...

அப்பா: எனக்கு விளையாட்டு இல்லைங்க சிஸ்டர்.

அம்மா: கல்யாணத்துல இருந்து பார்க்கிறேன், உங்களுக்கு மேல் உதடுனு ஒண்ணு இருக்குனே எனக்குத் தெரியாது. அவன் உதடு அப்படியே இருக்கு.

அப்பா: டெய்லரம்மா, அளவெடுத்தது போதும். நான்... கிட்ட வரலாமா?

நர்ஸ்: வாங்க சார். நான் இங்கேயேதான் நிப்பேன். தூக்குங்க.

அம்மா: கையை நீட்டிப் பிடிக்காதீங்க. மார்ல சாய்ச்சுக்குங்க.

அப்பா: முதலாளி... நான்தான். மீசை இல்ல, பயப்படாதீங்க. இன்னைக்கு திங்கக்கிழமை இல்லதான். இருந்தாலும் கொஞ்சம் பொறுத்துக்குங்க.

அம்மா: அழலைங்க.

அப்பா: பேசாத. பேசினா அழுதாலும் அழுவான்.

அம்மா: உதட்டைத் தடவுறான் பாருங்க. மீசையைத் தேடுறான்.

அப்பா: தேடட்டும். கன்னத்தைப் பாரு. ஏதாவது தெரியுதா?

அம்மா: இல்ல.

அப்பா: அந்தப் பக்கம்? வெளிச்சத்துல காட்டிப் பாரு.

நர்ஸ்: ஒண்ணும் இல்ல சார். நல்லா பார்த்துட்டேன்.

அப்பா: என் கைதான் இது. அதே கை. என் மேல சாய்ஞ்சுக்கிட்டு இருக்கான்... இவ்வளவு சூடா இருப்பானா? இவ்வளவு கனமா? முட்டை எத்தனை கிராம்னு கையில வச்சே சொல்லுவேன் நான், என் பிள்ளை கனம் எனக்குத் தெரியல.

நர்ஸ்: நான் பக்கத்து ரூம்லதான் இருக்கேன். ஏதாவதுன்னா மணி அடிங்க.

அம்மா: சரிங்க சிஸ்டர்... என்னங்க, உட்கார்ந்துக்குங்க.

அப்பா: வேலையை விட்டுடட்டுமா?

அம்மா: எதுக்கு? உங்க கைக்கு வேற என்ன தெரியும்? கடைத்துணி கடையிலேயே இருக்கட்டும். அங்கேயே குளிச்சு, மாத்திக்கிட்டு வாங்க. வீட்டுக்குனு நான் வேற துண்டு தைச்சுத் தரேன். ஓரம் பச்சை. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்கவே கூடாது.

அப்பா: தூங்கிட்டான். என் மேலேயே தூங்கிட்டான்.

அம்மா: அசையாதீங்க.

அப்பா: மூச்சு விடவே யோசனையா இருக்கு... இங்க பாரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சாயங்கால ஆர்டர்னு சொல்லுவேன்ல?

அம்மா: ம்.

அப்பா: அப்படி ஒரு ஆர்டரும் கிடையாது. நம்ம வீட்டுக்கு எதிர்ல சைக்கிள் கடை இருக்குல்ல, அந்தப் படியில உட்கார்ந்திருப்பேன். அங்க இருந்து பார்த்தா ஜன்னல்ல தொட்டில் ஆடுறது தெரியும். சில நேரம் ஒரு கால் மட்டும் வெளிய வரும். ஆட்டம் நின்னப்புறம் எழுந்து வருவேன்.

அம்மா: தெரியும்.

அப்பா: தெரியுமா? தெரிஞ்சும் ஏன் கூப்பிடல?

அம்மா: கூப்பிட்டா வந்திருப்பீங்க. வந்தா அவன் அழுதிருப்பான். அப்புறம் அந்தப் படிக்குக்கூட வந்திருக்க மாட்டீங்க... தொட்டிலை அங்க மாத்தினது காத்துக்கு இல்ல, அந்த ஜன்னல்ல காத்தே வராதுங்க.