டெசிபல் ஐயாவின் நான்கு மணி

முந்நூற்றுப் பன்னிரண்டு வைஃபை பெட்டிகளை நாற்பத்தாறு குழுக்களாகப் பிரித்து, ஒன்றின் குரல் இன்னொன்றின் காதை அடைக்காமல் கட்டிக் காத்த காவலரே! கண்ணுக்குத் தெரியாத அலையைக் காலால் நடந்து அளந்த கடமைச் செம்மலே! இம்மருத்துவமனையில் தொலைபேசிக் கம்பி இழுப்பவராக நுழைந்து, மாடிதோறும் ‘டெசிபல் ஐயா’ என்று மதிப்போடும் கொஞ்சம் கேலியோடும் அழைக்கப்பட்டு, இருபத்தெட்டு ஆண்டுப் பணி முடித்து இன்று விடைபெறும் எங்கள் மூத்தவரே! கீழ்த்தளக் கட்டுப்பாட்டு அறையில் உங்களோடு உட்கார்ந்து வேலை பார்த்த நாங்கள் மூவரும் வணங்கி வாசிக்கும் மடல் இது.

எந்தச் சேனல், எவ்வளவு பவர் என்று ஒரு குழுவுக்குக் கணினியில் அமைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். உங்களுக்கோ அதற்குப் பிறகுதான் வேலையே. கையில் கைபேசியோடு மாடி ஏறி, நோயாளியின் உறவினர்கள் உட்காரும் பெஞ்சில் நீங்களும் உட்கார்ந்து, அங்கிருந்து எங்கள் அறையின் கம்பித் தொலைபேசிக்கு அழைத்துப் பேசிப் பார்த்த பிறகே நோட்டில் குறிப்பீர்கள். சிக்னல் இல்லை என்று வார்டிலிருந்து சொன்னால், பவரைக் கூட்டலாமா என்று கேட்பது எங்கள் வழக்கம். அடுத்த பெட்டியின் பவரில் மூன்று டெசிபல் குறைப்பது உங்கள் வழக்கம்.

“எல்லாரும் கத்தினா யாருக்குக் கேக்கும்? பக்கத்துல இருக்கிறவனைக் கொஞ்சம் தணிஞ்சு பேசச் சொல்லுங்க” என்பீர்கள். எரிச்சலாக இருக்கும். ஆனால் இரண்டு நிமிடத்தில் அந்த வார்டில் சிக்னல் வந்துவிடும்.

கட்டடம் முழுக்க அலை கொடுத்தவரின் அறையில் அலை கிடையாது என்ற கூத்தை யாரிடம் சொல்வது! கீழ்த்தளத்தின் தடித்த சுவருக்குள் கைபேசி வெறும் கடிகாரம். இங்கும் ஒரு பெட்டி மாட்டலாம் என்று ஆறு முறை கேட்டோம். “இங்க யாரும் படுத்துக் கிடக்கலையே” என்று ஆறு முறையும் அதை வார்டுக்கு அனுப்பினீர்கள்.

அதனால்தான் ஒவ்வொரு நாளும் நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு எழுந்து, முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போவீர்கள். உங்கள் மகள் சரக்குக் கப்பலில் இயந்திரப் பொறியாளர். கப்பல் எந்தக் கரையை ஒட்டி வந்தாலும் நம் ஊர் நேரப்படி நான்கு மணிக்கு அழைப்பது என்பது அப்பாவும் மகளும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. கப்பல் நடுக்கடலில் இருக்கிறது என்று தெரிந்த நாளிலும் நீங்கள் போகாமல் இருந்ததில்லை. நான்கே காலுக்கு நீங்கள் இறங்கி வரும் செருப்புச் சத்தத்திலேயே, அழைப்பு வந்ததா இல்லையா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். மெதுவாக இறங்கும் நாட்களே அதிகம். அந்த நாட்களில் நாங்கள் எதையாவது உளறிக்கொண்டே தேநீர் ஊற்றுவோம்.

கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகும் மடலில் இதையெல்லாம் எழுதலாமா என்று அலுவலக மேலாளர் தயங்கினார். இனி வருவதைப் படித்தால் இன்னும் தயங்குவார். எழுதித்தான் ஆகவேண்டும் ஐயா.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல், எங்களில் ஒருவர் இரண்டாம் மாடிக் குழுவுக்கான அமைப்பை ‘எல்லாக் குழுக்களும்’ என்ற கட்டத்தில் டிக் அடித்து அனுப்பிவிட்டார். பழைய அமைப்பைச் சேமித்தும் வைக்கவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளும் ஒரே சேனலில், முழு பவரில் கத்தத் தொடங்கின. வைஃபை வழியே பேசும் செவிலியர்களின் கைபேசிகள் ஊமையாயின. அப்போது மணி மூன்று ஐம்பது. மாடிப்படிக்குக் கிளம்பியிருந்த நீங்கள் திரும்பி வந்து உட்கார்ந்தீர்கள். நோட்டைப் பிரித்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் தொடங்கி, ஒவ்வொரு குழுவாக அமைத்து, ஒவ்வொரு வார்டுக்கும் கம்பித் தொலைபேசியில் பேசி உறுதி செய்து முடித்தபோது மணி ஏழு. ஒரு கடுஞ்சொல் இல்லை. டிக் அடித்தவரிடம், “நீ மத்தியானம் சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு மாடி ஏறினீர்கள்.

அவர் மன்னிப்புக் கேட்க உங்கள் பின்னாலேயே வந்தார். படிக்கட்டுத் திருப்பத்தில் உங்கள் கைபேசி மூன்று முறை துடித்ததையும், தவறிய மூன்று அழைப்புகளை நீங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்ததையும், பிறகு சுவரில் கை ஊன்றி நின்றதையும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிவிட்டார். அடுத்த அழைப்பு வர நாற்பத்தொரு நாள் ஆனது. அந்த நாற்பத்தொரு நாளும் அவர்தான் தேநீர் ஊற்றினார். இம்மடலை இப்போது வாசித்துக்கொண்டிருப்பவனும் அவனே. அன்று கேட்காத மன்னிப்பை, ஐயா, இத்தனை பேர் முன்னால் இன்று கேட்கிறேன்.

நேற்று நீங்கள் மாடியில் இருந்த நேரத்தில், உங்கள் பேச்சை முதன்முறையாக மீறினோம். கட்டுப்பாட்டு அறையில் உங்கள் நாற்காலிக்கு மேலே ஒரு பெட்டி மாட்டிவிட்டோம். நாற்பத்தேழாவது குழு, அதில் ஒரே ஒரு பெட்டி, உங்கள் முறைப்படி குறைந்த பவர். அறை முழுக்கச் சிக்னல் வருகிறது. நாளை முதல் அந்த நாற்காலியில் நீங்கள் இல்லை. நான்கே காலுக்குச் செருப்புச் சத்தமும் கேட்காது. இருபத்தெட்டு ஆண்டுகளில் செய்திருக்க வேண்டியதை ஒரு நாள் மிச்சமிருக்கும்போது செய்த எங்களை என்ன சொல்வது!

நோய் நொடியின்றி நூறாண்டு நடங்கள் ஐயா. மகளோடு மணிக்கணக்கில் பேசுங்கள். அவள் கப்பல் இன்று கரையை ஒட்டி வருகிறது என்று உங்கள் வீட்டம்மா எங்களிடம் சொல்லிவிட்டார். அதனால்தான் விழாவை மூன்றரைக்கு வைத்தோம், இந்தக் கூடத்தின் பெட்டிகளையும் காலையில் நடந்து பார்த்தோம். இப்போது மணி நான்காகப் போகிறது. வழக்கம்போல எழுந்து போகாதீர்கள். கைபேசியை மேசைமேல் வையுங்கள். கைதட்டலைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் தணிந்துகொள்கிறோம்.

என்றும் உங்கள்,
கீழ்த்தளக் கட்டுப்பாட்டு அறையினர்