அஞ்சாவது குச்சி

...மூக்குல ஒரு குச்சி விடணும்னா, என்னவோ கிட்னியக் கேட்ட மாதிரி ஓடுறாங்க தம்பி! நீங்க ஒருத்தர்தான் சொன்ன பேச்சக் கேட்டு வந்து உட்கார்ந்தீங்க. தலைய நல்லா சாய்ங்க. ம்ம்... பேசாதீங்க, குச்சி உள்ள இருக்கு.

பேரெல்லாம் கேக்க மாட்டோம். எந்த விமானம்னு மட்டும் எழுதுவோம். ஒரே விமானத்துல வந்த அஞ்சு பேரோட குச்சிய ஒரே குப்பியில போட்டு அனுப்புவோம். லேப்ல கிருமியோட ஜாதகத்தையே பிரிச்சுப் பார்த்து, புது ரகமா பழைய ரகமான்னு சொல்லிருவாங்க. ரொம்பப் படிச்சவங்க. ஆனா அஞ்சு மூக்கக் கூட்டிட்டு வர்றது யாரு? நான்தான். கால்ல விழாத குறை! ஒருத்தர் போன்ல பேசிக்கிட்டே போறாரு, போன் தலைகீழா இருக்கு. ஒரு அம்மா, எங்க பரம்பரைக்கே சளி கிடையாதுன்னாங்க. சொல்லி வாய மூடல, தும்மிட்டாங்க.

இருங்க, இன்னொரு பக்கமும் இருக்கு.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால பாருங்க... தலைய ஆட்டாம பாருங்க. நீலச் சட்ட, மடியில கரடி பொம்ம. எங்க மாப்பிள்ளைதான். பொண்ணுக்கு விடியறப்பவே வலி எடுத்துருச்சு. தலைப்பிரசவம். புள்ள பொறக்கறப்ப கூட இருக்கணும்னு மனுஷன் அடிச்சுப்புடிச்சு வந்தாரு. விடல. போன வாரம் அவரு வந்த அதே விமானத்துல புது ரகம் வந்துச்சாம். அதனால அதுல வர்ற அத்தன பேரையும் ஒரு வாரம் ஒதுக்கி வெக்கிறாங்க. அவ அங்க ஆஸ்பத்திரியில 'அவரு எங்கம்மா, எங்கம்மா'ன்னு கத்துறா. சம்பந்தியம்மாவ பக்கத்துல உட்கார வெச்சுட்டு, இவர எப்படியாவது வெளிய கூட்டிட்டு வர்றேன்னு நான் இங்க வந்தேன். வந்த இடத்துல குச்சியக் கையில குடுத்துட்டாங்க. வயிறு எரியுது தம்பி!

அந்தக் கிருமியக் கொண்டாந்தவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா...

கிடைக்க மாட்டான். யாரும் கொண்டாரல தம்பி. போன வாரம் அந்த விமானத்துல நாலு மூக்குதான் சிக்குச்சு. லேப் வண்டிக்காரரு ஹாரன் மேல ஹாரன் அடிக்கிறாரு. குப்பியில எண்ணிக்க குறைஞ்சா சூப்பர்வைசர் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. ஒரு குச்சிதானேன்னு... என் மூக்குலயே விட்டுப் போட்டுட்டேன். லேசா தொண்டக் கரகரப்பு, அவ்வளவுதான். மறுநாள் எந்திரிக்கவே முடியல. அந்த நாலு பேரு மேல ஒரு தப்பும் இல்ல. நான் எந்த விமானத்துல ஏறினேன்? பஸ்ல வந்தவ!

சரி, முடிஞ்சுது. எந்திரிங்க. வெளிய போற வழி அந்தப் பக்கம்... தம்பி, அது பெரிய டாக்டர் ரூமு. தம்பி! தட்டாதீங்க! காலையில இருந்து அந்தக் கதவு வரைக்கும் போறதும் வர்றதுமா இருக்கேன், தட்டக் கை வரல. வேலை போயிரும் தம்பி... இத்தன வருஷ வேலை...

தட்டிட்டீங்களா?

சரி, தள்ளி நில்லுங்க. நானே சொல்லிக்கிறேன்.