பிளாஸ்டர் போட்ட தாலி

ஓடுகிறேன். ரப்பர் பால் வாளி இன்னும் கையில் இருக்கிறது. முன்னால் புகை. அதற்குள்ளிருந்து என் புருஷன் சின்னையாவின் குரல்.

"அஞ்சல, வராத! அங்கயே நில்லு!"

நிற்கவில்லை. டம் என்று இன்னொரு சத்தம். எனக்குக் கீழேயே.

எழுபதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில் பாலிங் பக்கம், தாய்லாந்து எல்லையை ஒட்டிய ரப்பர் தோட்டம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் பட்டாளத்துக்கும் சண்டை. பாலுக்கு மரம் வெட்டப் போன பாதையில் கண்ணிவெடி. யார் புதைத்தது என்று இன்றுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

லாரியில் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழிக்கிறேன். வலது பாதத்தைத் துணியால் சுற்றியிருக்கிறார்கள். துணி நனைந்திருக்கிறது. தூரத்தில் பீரங்கி. ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. பக்கத்தில் பிலோமினா மிஸ்ஸி. சுங்கை லாலாங் தோட்டத்திலிருந்து வந்த நர்ஸ், கத்தோலிக்கப் பெண். என் விரல்களில் காய்ந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"அவர எங்க போட்டிருக்காங்க மிஸ்ஸி?"

அடுத்த விரலைப் பிடித்தாள்.

ஆபரேஷனுக்கு முன் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாதாம். அட்டெண்டர் தட்டை நீட்டினான். நான் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கழட்டாதீங்க மிஸ்ஸி. அவரு இருக்காரு."

அவள் கை நின்றது. பிறகு பிளாஸ்டரைக் கத்தரித்தாள். தாலியை நெஞ்சோடு வைத்து ஒட்டினாள்.

"ரூல்ஸ் இருக்குலா, மிஸ்ஸி" என்றான் அட்டெண்டர்.

"டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

மறுபடி பீரங்கி. என் காதுகளை இரண்டு கையாலும் பொத்தினாள். என் புருஷன் நன்றாயிருக்கிறார் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மயக்கம் தெளிந்தபின் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணன் போயிட்டாரு அக்கா. உங்கள உள்ள கொண்டு போறதுக்கு முன்னாலயே. நான்தான் முகம் கழுவிவிட்டேன்."

"தெரிஞ்சுகிட்டேவா ஒட்டுனீங்க?"

"கழட்டியிருந்தா என் கையே உங்ககிட்ட சொல்லியிருக்கும். அப்ப உங்க உடம்பு தாங்கியிருக்காது அக்கா."

கத்தி அழுதேன். அவளும் அழுதாள். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

தாலி எடுக்க உறவுக்காரர்கள் வார்டுக்கு வந்தார்கள். யாரையும் தொட விடவில்லை. ஒட்டியவளே எடுக்கட்டும் என்றேன். வேதக்காரப் பெண்ணா என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். அவள் வெந்நீரில் பஞ்சை நனைத்து, தோல் இழுபடாமல், ஓரம் ஓரமாக எடுத்தாள். அன்றும் பீரங்கி கேட்டது.

போனவற்றைச் சொல்கிறேன். என் புருஷன் சின்னையா. என் வலது கால், கணுக்காலுக்குக் கீழே. நாங்கள் பால் வெட்டிய மரங்கள். அந்தப் பக்கம் அப்புறம் காடு ஏறிவிட்டது. பிளாஸ்டர் இருந்த இடத்தில் நெஞ்சில் ஒரு சிவந்த தடம் இருந்தது. தினமும் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அதுவும் போய்விட்டது.